இரண்டாவது ஆள்

லைன்மேன் செத்துப் பதினோரு மாதம் கழித்து அவன் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்ற வண்டி வேண்டும் என்று அவன் மனைவியே எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, வர்ற வியாழக்கிழமை. வந்தப்ப உங்க லாரியிலதானே வந்தோம். போறதும் அதுலயே இருக்கட்டும். பையன் கார்ல வரட்டும், நான் உங்க பக்கத்துல கேபின்ல உக்காந்துக்கறேன்."

நான் லாரி ஓட்டுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணில் புரை எடுத்த பிறகு வண்டியை மருமகன் கையில் கொடுத்துவிட்டேன். அதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "சரிம்மா, ஏழு மணிக்கு வந்துடறேன்" என்றேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும் மருமகனிடம் சாவியை வாங்கிக்கொண்டு, தெரிந்த லோடுமேன்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டி வண்டியை விட்டேன்.

எங்கள் ஊரை ரயில்பாதை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. அந்தப்பக்கம் மேட்டு வீதிகள், நல்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பூங்கா. இந்தப்பக்கம் மில், தோல் கிடங்கு, லாரி ஷெட், நாங்கள். அந்தப்பக்கத்து வேலை முழுக்க எங்கள் கைதான். பாத்திரம் கழுவுவோம், சாக்கடை அடைப்பு எடுப்போம், சுவருக்கு வெள்ளை அடிப்போம். பொழுது சாய்வதற்குள் ரயில்வே கேட்டைத் தாண்டி இந்தப்பக்கம் வந்துவிடுவோம். அங்கே நாங்கள் குடியிருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் மேட்டு வீதியில் வீடு வாங்க வேண்டுமென்றால் வீதிக் குழுவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று நகராட்சியில் ஒரு விதி வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடிதம் கிடைத்ததே இல்லை. கேட்டுப் போனவனுக்கு மறுநாள் வேலையும் இருக்காது.

லைன்மேன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். மின்சார ஆபீசில் சேர்ந்து மேட்டு வீதிகளைப் பார்த்துக்கொள்ள அவனைப் போட்டார்கள். புயலென்றாலும் மழையென்றாலும் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருப்பான். "மேலேருந்து பாத்தா எல்லா வீடும் ஒண்ணுதாண்டா. துணி காயுது, கொழந்தை அழுவுது, புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போடறாங்க. நம்ம வீடு மாதிரியேதான்" என்பான். ஊரைவிட்டுப் போகிற ஒருத்தர் அவனுக்குத் தன் வீட்டை விற்கச் சம்மதித்தார். இவன் கடிதம் கேட்டு வீதிக் குழுத் தலைவரிடம் போனான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "கம்பத்துல ஏறு, யாரு வேணாம்னா? எறங்கினதும் உன் வீட்டுக்குப் போ."

அந்த ஒரு வார்த்தைக்கு ஏழு வருஷம் வழக்கு நடத்தினான். நாலு முறை இடம் மாற்றினார்கள். ஒருமுறை ரயில்வே கேட் பக்கத்தில் வைத்து அடித்ததில் இடது முழங்கை சரியாக மடங்காமல் போனது. மடங்காத கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டே வேலையும் பார்த்தான், வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினான். கடைசியில் அந்தச் சம்மதக் கடித விதி செல்லாது என்று கோர்ட் சொன்னது. அதைக் காட்டி அக்கம்பக்கத்து ஊர்களிலும் எங்களைப் போன்ற ஆட்கள் அந்த விதியை உடைத்தார்கள். எங்கிருந்தெல்லாமோ அவனைக் கூட்டம் பேசக் கூப்பிட்டார்கள். அப்போதும் எங்களுக்கு அவன் தலைவர் இல்லை, லைன்மேன்தான். அவனுக்கும் அதுதான் பிடிக்கும்.

லைன்மேன் அந்த வீட்டை வாங்கிக் குடிபோன அன்று வண்டி ஓட்டியது நான். அவன் மனைவி கேபினில் நாலு வயசுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பத்தில் ஒரு கல் வந்து முன்கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிந்தது. அவள் பையன் முகத்தை முந்தானையால் மூடினாளே தவிர "நிறுத்துங்க" என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் ஆகிறது.

இப்போது அதே வாசலில் லாரியைப் பின்பக்கமாக ஒடித்து நிறுத்தினேன். வானம் மூட்டமாக இருந்தது. காற்றே இல்லை. பத்து மணிக்குள் மழை பிடித்துவிடும் என்று தார்ப்பாயை முதலிலேயே பிரித்துப் போடச் சொன்னேன்.

வாசல் கதவைப் பார்த்தேன். விரல் தடிமனுக்குப் பெயின்ட் ஏறியிருந்தது. தெருக்காரர்கள் தார் பூசுவார்கள், இவள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பாள், கறை போகாது, அதன்மேல் லைன்மேன் பெயின்ட் அடிப்பான். மறுபடியும் பூசுவார்கள். கதவு நிலையில் சேராமல் தடித்துப் போய், லைன்மேன் விளிம்பைச் சீவிவிட்டிருந்தான். சீவின இடத்தில் பச்சை, நீலம், பழுப்பு என்று வரிவரியாகத் தெரிந்தது.

பையன் பெரியவனாகிவிட்டான். முப்பது வயது. தூரத்து நகரத்தில் பேங்க் வேலை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு லோடுமேன்களோடு சேர்ந்து தானும் தூக்கினான். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கனமானது முதலில், கேபினை ஒட்டி. பீரோவைக் கண்ணாடிப் பக்கம் உள்ளே திருப்பி நிறுத்தி, மெத்தையை அதற்கு அணை கொடுத்தோம். ஃப்ரிட்ஜைப் படுக்கப் போடாமல் மூலையில் நிறுத்திக் கயிறு போட்டோம். பாத்திரமெல்லாம் சாக்கில். பையன் மூன்று டிரங்குப் பெட்டிகளைக் காட்டி, "இது வேண்டாம் மாமா" என்றான்.

"என்ன அது?"

"அப்பாவோட வழக்குக் காயிதம். அங்க மூணாவது மாடி, ரெண்டே ரூம். எங்க வைக்கறது? ஏதாவது லைப்ரரிக்குக் குடுத்துடலாம்னு நாலு பேருக்கு எழுதிப் பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"பதிலே வரல."

நான் லோடுமேனிடம் ஏற்றச் சொல்லிக் கை காட்டினேன். பையன் தடுக்கவில்லை. தலையைத் துடைத்துக்கொண்டான்.

"மாமா, இந்தத் தெருவுல ஒரு வீட்டு வாசப்படி நான் ஏறினதில்ல. என் பந்து விழுந்தா விழுந்ததுதான், யாரும் எடுத்துப் போட மாட்டாங்க. எங்கப்பா ஊருக்கே கதவைத் திறந்து விட்டேன்னு சொல்லுவாரு. யாராவது வந்தாங்களா? நாங்க மூணு பேரு மட்டும் உள்ள மாட்டிக்கிட்டோம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தான். "உங்களைச் சொல்லல. நீங்க வாரம் தவறாம வருவீங்களே."

"வீட்டை யாருக்குடா குடுத்தே?"

"வீதிக் குழுச் செயலாளரோட மச்சானுக்கு. வேற யாரும் கேக்கல மாமா. அம்மாவுக்குத்தான் கோவம். உள்ள போய்ப் பேசிப் பாருங்க. காலையிலேருந்து அடுப்படிய விட்டு எழுந்துக்கவே மாட்டேங்கறாங்க."

அடுப்படியில் சாமான் எடுத்த அலமாரிகள் வெறும் தூசித் தடத்தோடு இருந்தன. அவள் ஒரு பலகையைப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் வீக்கம் பாதம் வரை இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டு, "வாங்கண்ணே. உக்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்ல பாருங்க, எல்லாத்தையும் உங்க வண்டி முழுங்கிடுச்சு" என்றாள்.

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்தேன்.

"பையன் பாவம்மா. அவனைப் போட்டு வறுக்காத."

"அவனை ஏன் வறுக்கறேன்? என்னையேதான் வறுத்துக்கறேன். ஒரு நர்ஸு வந்தா அண்ணே. நம்ம பக்கத்துப் பொண்ணு. புருஷன் டயர் கடையில இருக்கான். ரெண்டு பிள்ளைங்க. கடன் போட்டாவது வாங்கிக்கறோம்னு வந்தாங்க. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவரு இருந்திருந்தா தூக்கி வெச்சு ஆடியிருப்பாரு. ரூம் ரூமா சுத்திக் காட்டினேன். தண்ணி எப்ப வரும், எந்த ஜன்னல்ல காத்து வரும், எல்லாம் சொன்னேன். கடைசியில இதோ இங்க நின்னுக்கிட்டு, 'அக்கா, இங்க எப்படி இருந்தீங்க?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"நடந்ததைச் சொன்னேன். மூணு வருஷம் கல்லும் தாரும். அப்புறம் ஒண்ணுமே பண்ணலன்னேன். அதுதான் அண்ணே பெரிய கஷ்டம். ஒண்ணுமேன்னா ஒண்ணுமே. திட்டக்கூட மாட்டாங்க. ஒரு தடவை காய்ச்சல்ல வாசல்ல மயங்கி விழுந்துட்டேன். காய்கறிப் பையோட நாலு பேரு என்னைச் சுத்திக்கிட்டுப் போனாங்க. கண்ணு தெரியுது, அவங்க காலு தெரியுது, எழுந்துக்க முடியல. எதிர்வீட்டம்மா செருப்பு இன்னும் ஞாபகம் இருக்கு, பழுப்பு வார். அதையெல்லாம் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் குனிஞ்சு பிள்ளைங்களுக்குச் செருப்பு மாட்டிவிட்டா. போனவதான்."

"அதையெல்லாம் ஏம்மா சொன்ன? இப்ப பரவாயில்லன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"வரலியே வாயில. முப்பது வருஷம் அவரோட குடும்பம் நடத்தியிருக்கேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியுமா? சம்பளம் கம்மியா வந்தாக்கூட வாசல்லயே சொல்லிட்டுத்தான் செருப்பைக் கழட்டுவாரு. எனக்கும் அது ஒட்டிக்கிச்சு." அவள் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே பேசினாள். "அவரு வாங்கிக் குடுத்ததை நானே தடுத்துட்டேன் அண்ணே. ரெண்டாவதா ஒரு குடும்பம் வந்திருக்கும். என் வாயாலயே ஓட்டிவிட்டேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கயிறு சரியாகக் கட்டுகிறார்களா பார்க்கிறேன் என்று எழுந்து வெளியே வந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். அது முன்னே ஒரு கிழவியின் வீடு. கிழவி தனிக்கட்டை. அவள் இறந்து ஆறு வருஷம் பூட்டிக் கிடந்து, இப்போதுதான் தங்கை மகள் வெளியூரிலிருந்து வந்து குடியிருக்கிறாள். கையில் ஃபிளாஸ்க்கும் நாலு கண்ணாடி டம்ளரும்.

"ஆன்ட்டி இருக்காங்களா? அடுப்பெல்லாம் கட்டியிருப்பாங்க, டீ போட முடியாதில்ல. அதான் எல்லாருக்கும் கொண்டு வந்தேன்."

சத்தம் கேட்டு லைன்மேன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். இத்தனை நேரம் எழாதவள்.

"எந்த வீட்டு டீ இது?"

"எங்க வீட்டு டீதான் ஆன்ட்டி." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஊற்றி ஒரு டம்ளரை நீட்டினாள்.

அவள் வாங்கினாள். வாங்கி அந்தப் பெண் முகத்தைப் பார்த்துக்கொண்டே முற்றத்தில் கொட்டினாள்.

"உங்க பெரியம்மா கோர்ட்டுக் கூண்டுல ஏறி நின்னு வாய் கூசாம பொய் சொன்னா. அவ வீட்டை வாங்க இந்த அண்ணன் அட்வான்ஸோட போனாரு. விக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டு, கோர்ட்டுல வந்து 'ஆளே வரல'ன்னா. அன்னிலேருந்து என் வீட்டுக்காரருக்குப் பொய்ப் புகார் குடுத்தவர்னு பேரு. பேப்பர்ல போட்டான். நாப்பது குடும்பம் வரேன்னு லிஸ்ட்டுல இருந்துச்சு, ஒருத்தரும் வரல. அவரு அதோடயே செத்துட்டாரும்மா. பதினோரு மாசத்துக்கு முந்தி இல்ல, அன்னிக்கே. இப்ப டீ கொண்டு வரியா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு அதெல்லாம் தெரியாது ஆன்ட்டி. ஆனா பெரியம்மா அப்படிப்பட்டவங்க இல்ல. உங்களைப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட பேசணும்னு வாசல்ல போய் நிப்பேன், அது முகத்தைத் திருப்பிக்குது, நான் என்ன பண்ணேன்னே தெரியலன்னு."

"போடி" என்றாள் இவள்.

அந்தப் பெண் ஃபிளாஸ்க்கை அப்படியே படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர்கள் வீட்டுக் கதவு தாழ் போடுகிற சத்தம் கேட்டது. லோடுமேன்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். பையன், "அம்மா, என்னம்மா நீ" என்று தலையில் அடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்ப அடுப்படிக்குப் போனாள்.

கிழவி பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

மேட்டு வீதிக்குக் குடிவரச் சம்மதித்தவர்கள் லிஸ்ட்டில் முதல் பேர் என்னுடையது. நானாகத்தான் கொடுத்தேன். லைன்மேன் குடிபோன மறுவருஷம், பக்கத்து வீட்டுக் கிழவி விற்கத் தயாராக இருக்கிறாள் என்று அவனே வந்து சொன்னான். யார் வாங்கினால் என்ன, பின்கட்டில் எனக்கு ஒரு அறை விட்டு, பக்கத்தில் மனுஷர்கள் இருந்தால் போதும் என்றாளாம். இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவரில் ஒரு கதவு வைக்கலாம், உன் பொண்டாட்டிக்கும் என் பொண்டாட்டிக்கும் சுற்றிக்கொண்டு போகிற வேலை மிச்சம் என்று தரையில் கரித்துண்டால் படம் போட்டுக் காட்டினான். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நான் அட்வான்ஸோடு போவதாக ஏற்பாடு. அவனுக்கு அன்று டியூட்டி.

போனேன். தெருமுனை வரைக்கும் போனேன். அங்கிருந்து லைன்மேன் மனைவி தெரிந்தாள். வாசலில் குந்தி உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பையன் ஸ்கூல் பையோடு நின்றான். சட்டை முழுக்க ஏதோ ஊற்றியிருந்தார்கள், நனைந்து ஒட்டிப்போய் இருந்தது. அவள் அழுதிருந்தால்கூட நான் போயிருப்பேன். அழவில்லை. பாத்திரம் தேய்க்கிற மாதிரி, பழகின கையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, பையன் முகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடியும் தேய்த்தாள். என் மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அந்த இடத்தில் அவளை வைத்துப் பார்த்தேன். சட்டைப்பையில் பணத்தைப் பிடித்தபடியே திரும்பி நடந்துவிட்டேன்.

சாயங்காலம் லைன்மேன் வந்து கேட்டபோது, "கெழவி மாட்டேன்னுடுச்சுடா. யாரோ மிரட்டியிருக்காங்க" என்றேன். நாக்கு தானாகப் புரண்டது. இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இரண்டாவது நாளே வீதிக் குழு மிரட்டுகிறது என்று அவன் புகார் எழுதிவிட்டான். புகார் வழக்காகி, கிழவி கூண்டேறி, "நான் விக்கத் தயாரா இருந்தேன். வர்றவங்களுக்கு டீகூடப் போட்டு வெச்சேன். ஆளே வரல" என்றாள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்ட தேதியில் நான் வெளியூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டேன்.

கோர்ட்டு முடிந்து அவன் ஒரு தரம்தான் கேட்டான். "நெசமாவே போனியாடா?" போனேன் என்றேன். "சரி" என்றான். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வருவான். டயரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான், என் பிள்ளைகளுக்கு ஃபியூஸ் கட்டச் சொல்லிக்கொடுப்பான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், பேச்சே குறைந்துபோன பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கெழவி அன்னிக்கு டீ போட்டு வெச்சுதாம்டா. ஆறிப் போயிருக்கும் இல்ல?" நான் போர்வையை இழுத்துவிட்டேன். அவனுக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் தெரிந்தே வைத்திருந்தான்.

தூறல் ஆரம்பித்தது. லோடுமேனிடம் தார்ப்பாயைப் போடச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி, அந்தக் கெழவி பொய் சொல்லல."

அவள் திரும்பவில்லை.

"நான்தான் போகல. தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். அவ மாட்டேன்னுட்டான்னு நான்தான் கதை கட்டினேன்."

தார்ப்பாய் மேல் தூறல் விழுவது மட்டும் கேட்டது.

"ஏன் திரும்பினீங்க?"

"நீ கதவைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தே. பையன் பக்கத்துல நின்னான், சட்டையெல்லாம் நனைஞ்சு."

"என்னைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா போனீங்க?" இப்போது திரும்பினாள். குரல் ஏறவே இல்லை. "கூப்பிட்டிருக்கலாமே அண்ணே. வீடு வாங்க வேணாம். வந்து ஒரு கை தேய்ச்சுக் குடுத்திருக்கலாமே. எனக்கு அன்னிக்கு உள்ளங்கை கிழிஞ்சுபோச்சு. பையன் பசிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். யாராவது வருவாங்களான்னு தெருமுனையதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

இதற்கு மட்டும் பொய் சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து வருஷமாகச் சொன்னவன், இன்னும் ஒன்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

"கோர்ட்டுல கெழவி பேசினப்பவே புரிஞ்சிருக்கும்."

அப்புறம் அவள் பேசியது எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. "கோர்ட்டு முடிஞ்சு வந்து என்கிட்ட சொன்னாரே. கெழவி பொய் சொல்றா, காசு வாங்கிட்டா, அவகூட நீ பேச்சு வெச்சுக்காதன்னு. நான் பேசலியே. எங்க கல்யாண நாளன்னிக்கு அந்தம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்து சுவத்து மேல வெச்சா. தூக்கித் தெருவுல போட்டேன். கடைசியில அவ படுத்திருந்தப்ப ஜன்னல் வழியா இருமல் கேக்கும். ராத்திரியெல்லாம் இருமுவா. தண்ணி குடுக்க ஆளில்லன்னு எனக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்திக்கிட்டேன்."

"என்னைக் காப்பாத்தறதுக்காகத்தாம்மா அவன் அப்படி..."

"உங்களைக் காப்பாத்தினாரு." தலையை ஆட்டினாள். "நான் பேசறதுக்கு இந்தத் தெருவுல ஒரே ஒரு மனுஷி இருந்தா. அவளை எடுத்து உங்களுக்குக் குடுத்துட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பொய்யே தெரியாத மனுஷன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. என் பாரம் இறங்கும் என்று நினைத்து வாயைத் திறந்தேன். இறங்கவில்லை. அவளிடம் மிச்சம் இருந்தது செத்தவனைப் பற்றிய நினைப்பு ஒன்றுதான், அதிலும் கை வைத்துவிட்டேன்.

அவள் கையை ஊன்றித் தானாக எழுந்தாள். நான் பிடிக்கப் போனபோது கையை விலக்கிக்கொண்டாள். படியில் இருந்த ஃபிளாஸ்க்கையும் டம்ளர்களையும் எடுத்து, முற்றத்துக் குழாயில் கழுவினாள். ஒவ்வொரு டம்ளரையும் முந்தானையால் துடைத்தாள். தூறலிலேயே பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். கதவைத் தட்டினாள்.

"பொண்ணே. கொஞ்சம் திறம்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்."

உள்ளே நடமாட்டம் கேட்டது. ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. மூன்று தரம் தட்டினாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். மழை கனத்தது. ஃபிளாஸ்க்கை வாசலில் வைத்து, டம்ளர்களை நனையாமல் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தவள் நேராகப் பையனுடைய காரின் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

பையன் ஓடி வந்தான். "என்னம்மா, மாமாகூட லாரியிலதான் வருவேன்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டு இருந்தே?"

"கால் வலிக்குது. கண்ணாடியை ஏத்து."

அவன் என்னைப் பார்த்தான். "நீங்க பின்னாடியே வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டினான். தடித்த கதவு நிலையில் சேராமல் இரண்டு தரம் உதைத்துத்தான் மூடினான்.

நாலு மணி நேரம் மழையிலேயே ஓட்டினேன். என் கண்ணுக்கு எதிர்வண்டி வெளிச்சம் பூத்துப் பூத்துத் தெரிந்தது. லோடுமேன்கள் இருவரும் கேபினில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். கார் எப்போதோ முன்னால் போய் மறைந்திருந்தது. ஊர்க்கூட்டம் போட்டு அவனைப் பற்றிப் பேசச் சொன்னபோதெல்லாம் அழாதவன், அந்த ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். அவனுக்காக அழுதேன் என்று சொல்ல முடியாது.

போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டிடம். படி குறுகல். பீரோவைக் கயிற்றில் கட்டிச் சாய்த்துச் சாய்த்து ஏற்றுவதற்குள் லோடுமேன்களுக்கு நாக்கு தள்ளிவிட்டது. நானும் டிரங்குப் பெட்டிகளைத் தலையில் வைத்து மூன்று நடை ஏறினேன். அவள் உள்ளறையில் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இன்னொரு கட்டிடத்தின் சுவர் மட்டும் தெரிந்தது. நான் போகும்போதும் வரும்போதும் கண்ணைத் திருப்பவில்லை.

கடைசியாகக் கட்டிலை ஏற்றினோம். லைன்மேன் படுத்த கட்டில். வாசலில் நுழையாமல் காலைக் கழற்றி உள்ளே கொண்டுபோனோம். எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றோம். பையன் கீழே போயிருந்தான்.

"எங்கே போடறதும்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. வாசலில் வந்து நிற்கிற யாரையும் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"அந்த ஓரமாப் போட்டுடுங்க டிரைவர். சுவத்துல இடிக்காமப் பாத்துக்குங்க."

லோடுமேன்களில் ஒருத்தன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"சரிங்கம்மா" என்றேன். கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினேன்.